பழையனூர் நீலியை வச்சு ஒரு த்ரில்லர் நாவல்: அந்த ராத்திரி அறையை எப்படி எழுதுறது?

தேக்கா_வாசகன்:
பழையனூர் நீலி கதையை பெரியவங்களுக்கான ஹாரர் த்ரில்லரா, நாவலா எழுதிக்கிட்டு இருக்கேன். பாதி தாண்டியாச்சு, ஒரு அத்தியாயத்துல வந்து நிக்குது, அதான் இங்க கேக்குறேன்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. காஞ்சிபுரத்துக்காரன் ஒருத்தன் ஊர்ல பொண்டாட்டி இருக்கறத மறைச்சு காசியில இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிறான். கூட்டிட்டு வர்ற வழியில, ஊர் நெருங்க நெருங்க பயம் வந்து, திருவாலங்காட்டுக் காட்டுல அவளைக் கொன்னுடுறான். அவ பேயாகுறா. அடுத்த ஜென்மத்துல அவன் ஒரு வணிகனா பொறக்குறான், பேயால கண்டம் இருக்குன்னு ஜாதகம் பாத்து மந்திரிச்ச கத்தி ஒன்னை கையில குடுத்து வச்சிருக்காங்க, அது இருக்கற வரைக்கும் அவளால கிட்ட வர முடியாது. பழையனூர் பக்கம் அவன் வியாபாரத்துக்கு வரும்போது நீலி அழகான பொம்பளையா, கள்ளிக்கொம்பை ஒடிச்சு அதையே புள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு பின்னாலயே வர்றா. அவன் ஓடிப்போய் ஊர் வேளாளர் சபையில விழுந்து இவ பேய்ங்குறான். அவ அழுவுறா, இவர் என் புருஷன், வேற ஒருத்தி பேச்சைக் கேட்டு என்னை விட்டுட்டாருங்குறா. புள்ள அவனைப் பாத்து அப்பான்னு கையை நீட்டுது. அவ்வளவுதான், சபை அவ பக்கம் சாஞ்சிடுது. ரெண்டு பேரையும் ஒரு வீட்டுல தங்க வச்சு, அந்தக் கத்தியால என்னைக் கொன்னுடுவாருன்னு அவ சொன்னதும் அதையும் வாங்கி வச்சிடுறாங்க. உன் உயிருக்கு நாங்க எழுபது பேரும் பொறுப்பு, ஏதாச்சும் ஆனா தீக்குளிக்கிறோம்னு அவனுக்கு வாக்கு. விடிஞ்சு கதவைத் திறந்தா பொணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில இறங்குறாங்க.

இந்தக் கதையில எல்லாரும் சபையை எழுதியிருக்காங்க, தீயை எழுதியிருக்காங்க. கதவு சாத்தினதுக்கும் விடிஞ்சதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாரும் நின்னு பாக்கல. எனக்கு நாவலே அங்கதான் இருக்கு. ஏன்னா அந்த ஊர்ல அவன் சொன்னது உண்மைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். எழுபது பேர் நம்பாத ஒருத்தனை முழுசா நம்புற ஒரே ஜீவன் அவனைக் கொல்ல வந்தவ, அதுவும் ஒரு காலத்துல அவனை நம்பி காசியில இருந்து நடந்து வந்த பொண்டாட்டி. அந்த அறையில பயமும் ஆசையும் வேற வேறயா இருக்கவே முடியாதுங்கறது என் எண்ணம். ஆனா எழுதிப் பாத்தா ஒன்னு மலிவான படுக்கையறை சீனா போகுது, இல்லன்னா வெறும் பேய் சீனா போகுது. என்ன பண்ணலாம்?

ஈசூன்_ராத்திரி:
சகோ ஐடியா செம்ம. ஆனா ஏன் பழையனூர்? இங்க சிங்கப்பூருக்கே கொண்டு வாங்க. பழைய புளோக், லிஃப்ட் நிக்காத மாடி, கீழ வாழைமரம். நம்ம ஊர்ல பொந்தியானாக்னு மலாய்ப் பேய் இருக்கே, பிரசவத்துல செத்த பொண்ணு, அழகா வருவா, பின்கழுத்துல ஆணி அடிச்சா நல்ல பொண்டாட்டியா மாறிடுவா. நீலியும் அதே டைப்தானே, இங்க உள்ள வாசகர்களுக்கு டக்குனு புரியும்.

பழைய_படப்பெட்டி:
பொந்தியானாக்னு சொன்னதும் ஒன்னு சொல்லியே ஆகணும். 1957ல கேத்தே-கெரிஸ் எடுத்த 'பொந்தியானாக்' படம்தான் இந்த வட்டாரத்துல பேய்ப்பட அலையையே கிளப்புச்சு, மரியா மெனாடோ நடிச்சது, அதை இயக்கினது இந்தியாவுல இருந்து வந்த பி.என்.ராவ். மலாய்ப் பேயை முதல்ல திரையில பெருசா காட்டினதுல நம்ம பக்கத்து ஆளோட கை இருக்கு. அந்தப் படத்தோட பிரதி இன்னைக்கு இல்ல, தொலைஞ்சு போச்சு, நெனச்சா வயிறு எரியுது. அதே வரிசையில 1958ல வந்த 'சும்பா பொந்தியானாக்' தப்பிச்சிடுச்சு, கெடச்சா பாருங்க. இருட்டையும் கண்ணையும் வச்சே எவ்வளவு செய்யலாம்னு தெரியும்.

தேக்கா_வாசகன்:
ஈசூன் தம்பி, நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, ஆனா ரெண்டும் ஒரே டைப் இல்ல. பொந்தியானாக் கதையில ஆம்பளை கையில இருக்கற இரும்பு அவ உடம்புக்குள்ள போகுது, அவ அடங்கிடுறா, ஆணியைப் புடுங்குற வரைக்கும் குடும்பம் நடக்குது. நீலி கதையில ஆம்பளை கையில இருக்கற இரும்பை ஊரே சேந்து புடுங்கி அவகிட்ட அவனை அனுப்புது. முதல் கதையில பொண்ணு நிராயுதபாணி, ரெண்டாவதுல ஆம்பளை நிராயுதபாணி. எனக்கு வேணும்ங்கறது அந்த ரெண்டாவது. அதைக் கொண்டுவந்து வாழைமரத்துக்குக் கீழ வச்சா ரெண்டு பேயும் கெட்டுப்போகும். கதை பழையனூர்லதான் நடக்கும்.

வில்லுப்பாட்டு_பேரன்:
அண்ணே வணக்கம், நான் நாஞ்சில் நாட்டுப் பக்கம், இப்ப ஜூரோங்ல வேலை. எங்க ஊர்ல நீலி கதையை கோயில் கொடைத் திருவிழாவுல வில்லுப்பாட்டா பாடுவாங்க, அவதான் எங்களுக்கு இசக்கியம்மன். முப்பந்தல் கோயில் தெரிஞ்சிருக்கும். எங்க பக்கத்துக் கதையில அவ காசிப் பொண்ணு கிடையாது, தாசி. கோயில் பூசை செய்யுற பார்ப்பான் ஒருத்தன் இருக்கற சொத்தையெல்லாம் அவ வீட்டுல கொட்டிட்டு, காசு தீந்ததும் அவ ஆத்தாக்காரி அவனை வெளிய தள்ளிடுறா. ஆனா அந்தப் பொண்ணு அவன் மேல உள்ள ஆசையில நகையெல்லாம் போட்டுக்கிட்டு அவனைத் தேடிப் பின்னாலயே போறா. காட்டுல கள்ளிச்செடி நிழல்ல, அவன் மடியில தலை வச்சுத் தூங்கிடுறா. அவன் மெதுவா மண்ணைக் குவிச்சு அவ தலைய அதுல எடுத்து வச்சிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டு நகைய எடுத்துக்கிட்டுப் போறான். சாகும்போது அவ அந்தக் கள்ளியைப் பாத்து நீதான் சாட்சின்னு சொல்றா. பின்னால அதே கள்ளிதான் புள்ளையா வருது.

உங்க அறை சீனுக்கு இது உதவும்னு தோணுது. மடியில தூங்குனவ அவ. இந்தத் தடவை யாரு மடியில யாரு தலை வைக்கணும்?

தேக்கா_வாசகன்:
தம்பி, அந்தக் கடைசி வரிக்கு கோடி நன்றி. மண்ணைக் குவிச்சு தலைய எடுத்து வைக்கிறான்ங்கற இடம் இருக்கே, கொல்றவன் கையில அவ்வளவு பதமா ஒரு அசைவு. அதே கைப்பதம் அறையில அவகிட்ட இருந்து வரணும்.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:
எனக்கு ஒரு நெருடல், நேராவே கேக்குறேன். அழகான பொம்பளை, ஆசை காட்டுறா, ஆம்பளை செத்துப்போறான். இதையே எத்தனை தடவ எழுதுவீங்க? மறு ஜென்மத்துல அவனுக்கு முன்னாடி செஞ்சது எதுவும் ஞாபகம் இல்ல, அவன் பாட்டுக்கு வியாபாரம் பண்ண வந்தவன். படிக்கிறவங்க அவன் பக்கம் நிப்பாங்க, அவ வெறும் மோகினி ஆயிடுவா. கொலையானவ அவ, ஆனா கதை முடியும்போது கெட்ட பேரும் அவளுக்குத்தான், பொய்யா அழுதா இன்னைக்கும் நீலிக்கண்ணீர்ங்குறோம். இதை மாத்தாம எழுதினா எனக்கு அது ஹாரரே இல்ல, பழைய பழி திருப்பி வருது, அவ்வளவுதான்.

தேக்கா_வாசகன்:
உங்க கேள்வி நியாயம். அதுக்கு நான் யோசிச்சு வச்சிருக்கறது இது: ஞாபகம் அவன் அறிவுல இல்ல, கையில இருக்கு. வழியெல்லாம் அவனுக்கு ஒரு பழக்கம், தூங்குறதுக்கு முன்னாடி தலைமாட்டுல மண்ணைக் கூட்டி மேடாக்கிக்குவான், ஏன்னு அவனுக்கே தெரியாது (வில்லுப்பாட்டு தம்பி சொன்னதும் இது வந்து ஒட்டிக்கிச்சு, இப்பத்தான்). அறையில அவ எதையும் சொல்லிக் குத்தம் சாட்ட மாட்டா. தலைய அவன் மடியில வச்சுப் படுப்பா. அவன் கை தானா செய்யுறதை அவனே பாப்பான். அந்த நிமிஷம் அவனுக்குத் தெரியும், சபையில அவ சொன்ன பொய்யிலயும் ஒரு நிஜம் இருந்துச்சுன்னு. அவ அவன் பொண்டாட்டிதான்.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:
சரி இது வேற மாதிரி இருக்கு. படிக்கிறேன்.

பிடோக்_மாலினி:
தமிழ் எம்.ஏ. படிச்ச காலத்துல இருந்து நீலி பின்னாடி சுத்துறவ நான், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

இந்தக் கதை எவ்வளவு பழசுன்னு முதல்ல பாருங்க. சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்துல முதல் பாட்டுலயே இது வந்துடுது, வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகை கேட்டு அஞ்சும் பழையனூர்னு. ஏழாம் நூற்றாண்டுலயே ஊரோட பேரைச் சொன்னா இந்தக் கதை ஞாபகம் வர்ற அளவுக்கு பரவியிருக்கு. அந்தப் பாட்டு வந்த சூழலும் கேளுங்க. காரைக்கால் அம்மையார் தலையால நடந்த மண்ணுன்னு திருவாலங்காட்டுல கால் வைக்கப் பயந்து சம்பந்தர் பக்கத்து ஊர் ஒன்னுல தங்குறாரு, கனவுல சிவன் வந்து எங்களைப் பாட மறந்தியான்னு கேக்குறாரு, எழுந்து பாடுறாருன்னு பெரியபுராணம் சொல்லுது. எழுந்து பாடின முதல் பாட்டுலயே எந்த ஊர் வருது பாருங்க, நீலி ஊர்!

இப்ப அம்மையாரையும் நீலியையும் பக்கத்துல வைங்க. ரெண்டும் அதே திருவாலங்காடு. ஒருத்தி புருஷன் விட்டுட்டுப் போய் பாண்டிய நாட்டுல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டதும், இந்த அழகும் தசையும் இவருக்காகச் சுமந்தது, இனி வேணாம்னு உதறிட்டுப் பேயுரு வாங்கினவ. வத்தின மார்பு, எழும்பின நரம்பு, குழி விழுந்த வயிறுன்னு பேயைப் பத்தி எழுதி, அந்தக் காட்டையே தன் வீடா பாடினவ. இன்னொருத்தி புருஷன் கொன்னதுக்கப்புறம், போன அழகைத் திருப்பி எடுத்து மாட்டிக்கிட்டு வந்தவ. புருஷன் கைவிட்ட ரெண்டு பொண்டாட்டிங்க, ஒரே சுடுகாடு. உங்க நாவல்ல நீலி அந்த உடம்பை எடுத்துப் போட்டுக்கற சீன் ஒன்னு வேணும், அதை அவ எப்படி உணருறாங்கறது அவ பக்கத்துல இருந்து. பசி மாதிரி இருக்குமா, கூசுமா? ஆசைங்கறது பாக்குறவன் கண்ணுல மட்டும் இருந்தா நர்ஸ் அக்கா சொன்ன குத்தம் திரும்ப வந்துடும்.

இன்னொன்னு, நீலகேசி. ஐஞ்சிறு காப்பியத்துல ஒன்னு, சமண நூல். அதுல இதே பழையனூர் நீலியை காளி கூப்பிட்டு முனிச்சந்திரர்ங்கற முனிவரைக் கலைக்கச் சொல்லி அனுப்புறா. முதல்ல பயமுறுத்திப் பாக்குறா, நடக்கல. அப்புறம் ராஜகுமாரி வேஷம் போட்டு மயக்கிப் பாக்குறா, அதுவும் நடக்கல. கடைசியில அவரோட தர்மத்தைக் கேட்டு மாறி, ஊர் ஊரா போய் பௌத்தர்கள், ஆசீவகர்கள், சாங்கியர்கள்னு எல்லாரையும் வாதத்துல ஜெயிக்கிறா. பேயா இருந்தவளை தர்க்க வாதம் பண்ற பொம்பளையா ஆக்கின காப்பியம் நம்மகிட்ட இருக்கு. சபையில அவ அழுது ஜெயிக்கிறதா மட்டும் எழுதாதீங்க, வாதம் பண்ணி ஜெயிக்கட்டும். அவ அறிவும் அவனை இழுக்கணும்.

பழைய_படப்பெட்டி:
மாலினி அக்கா, இன்னொரு சேதி சேத்துக்கோங்க. 1905ல திருவாலங்காட்டுல கிடைச்ச முதலாம் ராஜேந்திர சோழனோட செப்பேடு இருக்கே, 31 ஏடு, அது அந்தக் கோயிலுக்கு எழுதிக் குடுத்த ஊரே பழையனூர்தான். அதே செப்பேட்டோட வடமொழிப் பகுதியிலதான் கடல் தாண்டி கடாரத்தை ஜெயிச்ச சேதியும் வருது. கடாரம்னா நம்ம தலைக்கு மேல இருக்கற கெடா. வணிகன் கடலோடியா இருந்தான்னு வச்சா இந்தப் பக்கத்துக் காத்தும் கதையில வீசும், ஊரை மாத்தவும் வேணாம்.

ஈசூன்_ராத்திரி:
இது மாஸ். வாழைமர ஐடியாவ விட இது நல்லாருக்குன்னு ஒத்துக்குறேன்.

நாடகக்காரி:
மேடைக்கு எழுதுற ஆளுங்கற முறையில ஒன்னு. இங்க நாடகம் போடணும்னா ஸ்கிரிப்டை அரசாங்க ஊடக ஆணையமான ஐஎம்டிஏகிட்ட குடுத்து வகைப்படுத்தணும், அதனால எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு: எதைக் காட்டலாம்ங்கறதை விட யாரு பாக்குறாங்க, யாரு கேக்குறாங்கன்னு முடிவு பண்றது. உங்க பிரச்சினை அங்கதான்னு நெனைக்கிறேன். நீங்க கேமராவ அறைக்குள்ள வச்சிருக்கீங்க. வெளிய எடுங்க. எழுபது ஆம்பளைங்க கூடி முடிவு பண்ணாங்க சரி, அவங்களைத் தங்க வச்ச வீட்டுல ஒரு பொம்பளை இருந்திருப்பா இல்ல? அவகிட்ட யாரும் ஒன்னும் கேக்கல. விடிய விடிய சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவ அவ. அவளுக்குக் கேட்டது மட்டும் எழுதுங்க.

தேக்கா_வாசகன்:
ரெண்டு ராத்திரியா இதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். வேலை முடிஞ்சு உக்காந்து எழுதினதுல ஒரு துண்டு கீழ போடுறேன். அந்த வீட்டுக்காரி சொல்ற மாதிரி.

"பாய் விரிச்சுக் குடுத்தது நான்தான். வெளக்கு வேணுமான்னு கேட்டேன், அவன் வேணும்னான், அவ வேணாம்னா. எங்க வீட்டுக்காரர் அவ பக்கமே பாத்துட்டு வெளக்கை எடுத்துட்டு வந்துட்டாரு. தாப்பாள் வெளிய.

மொதல்ல அவன் பேசிக்கிட்டே இருந்தான். கிட்ட வராதே, கிட்ட வராதே. அவ பதிலே சொல்லல. வளையல் சத்தம் மட்டும், ஒவ்வொன்னா கழட்டி தரையில வைக்கிற சத்தம். நான் எண்ணிக்கிட்டே வந்தேன், ஏன் எண்ணினேன்னு தெரியல. கடைசி வளையலுக்கு அவன் பேச்சு நின்னுடுச்சு.

அப்புறம் அவ குரல். சபையில அழுத குரல் இல்ல அது, எறங்கின குரல். நீ சொன்னது அத்தனையும் நெசம்னா. அவங்க யாரும் நம்பல, நான் நம்புறேன்னா. அவன் அழ ஆரம்பிச்சான். நான் கல்யாணமாகி வந்த வீட்டுல ஒரு ஆம்பளை அப்படி அழுது கேட்டதில்ல, பயத்துல அழறது வேற, இது யாரோ தேடி வந்து கண்டுபிடிச்சதும் அழற அழுகை. துணி ஒரசுச்சு. மூச்சு ரெண்டா இருந்தது ஒன்னாச்சு. என் பக்கத்துல எங்க வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு, எனக்கு ஒடம்பெல்லாம் சூடேறி, வெக்கத்துல முந்தானையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டேன். தப்புன்னு தெரியும். ஆனா காதை எடுக்க முடியல.

ரொம்ப நேரம் கழிச்சு மண்ணு சொரண்டுற சத்தம் கேட்டுச்சு. தரைய வெரலால கூட்டுற மாதிரி. அவன் சொன்னான், இந்தக் கை என்ன பண்ணுதுன்னு. அவ சிரிச்சா. தெரியுதா இப்பன்னு கேட்டா. அவன் தெரியுதுன்னான்.

புள்ள அழவே இல்லங்கறது எனக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. சாயங்காலத்துல இருந்து அது ஒரு தடவ கூட பால் கேக்கல. எந்திரிச்சு தாப்பாகிட்ட போனேன். கதவு எடுக்குல இருந்து கள்ளிப்பால் வாடை."

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:
டூட்டி பிரேக்ல படிச்சேன். வளையல் எண்ற இடத்துல நானும் எண்ணிட்டேன். அவ கதவைத் திறந்தாளா?

பிடோக்_மாலினி:
அதே கேள்விதான் எனக்கும். தாப்பாள் வெளியங்கறது பெரிய விஷயம், அவ நெனச்சிருந்தா திறந்திருக்கலாம். பால் கேக்காத புள்ளைய ஒரு தாய் கவனிச்சது, எழுபது பேர்ல ஒருத்தரும் கவனிக்கல. ஒரு சின்ன கருத்து, "ஒடம்பெல்லாம் சூடேறி"ங்கறத எடுத்துடுங்க, முந்தானையைக் கடிச்சதே போதும்.

நாடகக்காரி:
எடுக்காதீங்க. கேக்குறவளுக்கும் ஒடம்பு இருக்கு, அதை அவ தன் வாயால ஒத்துக்கறதுதான் இந்த சீன்ல எனக்குப் புடிச்சதே. அந்த வரி இல்லன்னா அவ வெறும் சாட்சி. அது இருந்தாத்தான் அவளும் அந்த அறையில பாதி இருக்கா, கதவை ஏன் உடனே திறக்கலங்கறதுக்கும் காரணம் கிடைக்குது.

தேக்கா_வாசகன்:
நாடகக்காரி அக்கா பக்கம் நிக்கிறேன், அந்த வரி இருக்கும். கதவைத் திறக்க மாட்டா. ஏன்னா உள்ள இருந்து நீலி அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உன் புருஷன் எந்திரிக்கறதுக்குள்ள போய்ப் படுத்துக்கோன்னு சொல்லுவா. அவ பேரை அந்த வீட்டுல கல்யாணத்துக்கப்புறம் யாரும் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அவ போய்ப் படுத்துக்குவா. விடிஞ்சதும் அவ புருஷன் தீயில இறங்குறான். மிச்ச நாவல் முழுக்க அவளோடது, அந்தக் குத்தத்தோட அவ எப்படி வாழறாங்கறதுதான் த்ரில்லர். நீலி திரும்ப வர்றாளா, அவ கூப்பிடுறாளா, ரெண்டுக்கும் நடுவுல.

பழைய_படப்பெட்டி:
தீ அத்தியாயத்தை மட்டும் அவசரமா முடிச்சுடாதீங்க. உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்துல வேளாளர் பெருமைக்கு இதைத்தான் எடுத்துக்காட்டா சொல்றாரு, சொன்ன சொல் தவறாதவங்கன்னு. பழையனூர்ல அவங்க தீப்பாய்ஞ்ச இடத்துல மண்டபம் இருக்கு. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டுட்டு மாட்டிக்கிட்டவங்க இங்க எத்தனை பேர், தப்பிக்க வழி தேடாம நிக்கிறவங்க எத்தனை பேர்? முட்டாள்தனமா தீர்ப்பு சொன்னவங்கதான், ஆனா உயிரைக் குடுத்து அதுக்குப் பதில் சொன்னாங்க. அந்த வீட்டுக்காரி அவங்களை வெறுக்கவும் முடியாம மன்னிக்கவும் முடியாம நிக்கணும்.

வில்லுப்பாட்டு_பேரன்:
அண்ணே, ஒரு வழக்குல எழுபது பேர்ல ஒருத்தரு அன்னைக்கு வயல்ல உழுதுக்கிட்டு இருந்தாருன்னு சொல்லுவாங்க. மத்தவங்க தீயில இறங்கின சேதி கேட்டு, அவரு ஏர்க் கொழுவுலயே விழுந்து உயிரை விட்டாராம். அந்த ஒருத்தரையே உங்க வீட்டுக்காரியோட புருஷனா வச்சா என்ன? அவருக்கு சேதி சொல்லப் போறவ அவதான். சொன்னா சாவாருன்னு தெரியும். வயலுக்குப் போற வழி இருக்கே, அது ஒரு முழு அத்தியாயம்.

தேக்கா_வாசகன்:
தம்பி, இன்னைக்குத் தூக்கம் போச்சு. புருஷன் விடியறதுக்கு முன்னாடியே ஏர் கட்டிக்கிட்டுப் போயிட்டாருன்னு மாத்துறேன், குறட்டை வரி அப்படியே இருக்கும். உங்க ஊர் கொடையில பாடுறதுல நீலி சபையில பேசுற பகுதி ஞாபகம் இருந்தா எழுதி அனுப்புங்க, வார்த்தை மாறினாலும் பரவால்ல, முறை தெரிஞ்சா போதும். மாலினி அக்கா சொன்ன வாதத்தை அதுக்குள்ள வச்சுத்தான் எழுதப் போறேன். வயல் அத்தியாயம் முடிஞ்சதும் இதே இழையில போடுறேன்.